இட்லிப்பூச் செடி: அமில மண், மஞ்சள் இலை, போர் தண்ணீர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சரியில் பச்சைப் பசேலென்று கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் இட்லிப்பூச் செடி, வீட்டுக்கு வந்த சில மாதங்களில் வெளிறிப்போவது பல வீடுகளில் நடக்கிற கதை. உரக்கடைக்குப் போனால் ஆளுக்கொரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பெரும்பாலும் அந்தச் செடிக்கு உரப் பஞ்சமே இருக்காது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற சுண்ணாம்புதான் அதைப் படுத்துகிறது. அதைச் சுற்றி வரும் கேள்விகளுக்குத்தான் இங்கே அதிக இடம்.

இட்லிப்பூ, வெட்சி, விருட்சி, இக்சோரா எல்லாம் ஒரே செடியா?

ஆமாம். கேரளத்தில் தெச்சி, செத்தி என்பார்கள். தாவரவியல் பெயர் இக்சோரா காக்சினியா. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகத்தில் சேர்ந்தவை. காபி, நுணா, கார்டீனியா எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். எல்லாம் ரூபியேசி குடும்பம். வருடம் முழுக்க இலை உதிராமல் பச்சையாக நிற்கும். சும்மா விட்டால் ஆள் உயரம் வரும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும்.

நம்ம ஊர்ச் செடிதானே? அப்புறம் ஏன் அமில மண் வேண்டும் என்கிறார்கள்?

நம்ம ஊர் என்பது ஒரே மண் இல்லையே. இந்தச் செடி காட்டில் செழித்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலும் கேரளத்துச் செம்புறை மேடுகளிலும். அங்கே மழை அதிகம். காலம் காலமாகப் பெய்கிற மழை மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். மிஞ்சுவது இரும்பு நிறைந்த, புளிப்பான சிவப்பு மண். பழைய இலக்கணமும் ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடும் வெட்சியைக் குறிஞ்சி நிலத்தோடுதான் சேர்த்துவைத்திருக்கிறது. மலைப்பக்கத்து மண்ணுக்குப் பழகிய செடி இது.

கோவில்பட்டிக் கரிசலிலோ, கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) கலந்த மண்ணிலோ, வீடு கட்டிய இடிபாட்டைக் கொட்டி மேவிய சென்னை மனையிலோ அதே செடியை வைத்தால் அதற்கு அது வேற்று நாடு. யாழ்ப்பாணத்திலும் இதே பாடுதான். அடியில் சுண்ணாம்புப் பாறை, கிணற்றுத் தண்ணீரிலும் அதுவே கரைந்து வருகிறது.

எண்ணில் சொன்னால், இதற்குப் பிடித்த மண்ணின் பிஎச் அளவு 5 முதல் 6 வரை. 6.5 வரை சமாளிக்கும். 7-ஐத் தாண்டினால் வெளிறத் தொடங்கும். பிஎச் ஒரு எண் ஏறினால் புளிப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று பொருள். அதனால் 6-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்கு.

என் தோட்டத்து மண் எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் செலவில்லாத சோதனை. ஒரு கைப்பிடி மண்ணை நன்றாகக் காயவைத்துப் பொடித்து, ஒரு கிண்ணத்தில் போட்டு வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துச் சீறினால் மண்ணில் சுண்ணாம்பு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. காதைப் பக்கத்தில் வைத்தால் மெல்லிய பொரிகிற சத்தம் கேட்டாலும் அதே கதைதான். இந்த ஒரு சோதனை பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும். ஏன் என்று கந்தகம் பற்றிய கேள்வியில் வரும்.

எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ அரைக் கிலோ மண்ணைக் கொடுங்கள். மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, ஒரு சாண் ஆழம் வரை நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்க விரும்பினால் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பிஎச் தாளை நனைத்துப் பார்க்கலாம். குழாய்த் தண்ணீரில் செய்தால் அந்தத் தண்ணீரின் அளவுதான் வரும்.

மண்ணில் குத்திப் பார்க்கும் இரண்டு கம்பி மீட்டர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. என்ன குறை?

எந்த இலை என்று பாருங்கள். மஞ்சள் இலை என்று சொன்னால் மட்டும் போதாது, கிளையில் அது எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நுனியில் புதிதாக விரிந்த இலைகள் மஞ்சளாகி, அவற்றின் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடு போட்ட மாதிரித் தெரிந்தால் அது இரும்புக் குறை. செடிக்குள் இரும்பு ஒரு இலையில் தங்கிவிட்டால் அங்கிருந்து கிளம்பி இன்னொரு இலைக்குப் போகாது. ஆகவே பழைய இலை பச்சையாகவே இருக்கும், புதுத் தளிர்தான் பட்டினி கிடக்கும். முற்றினால் இலை தந்த நிறத்துக்கு வெளுத்து, ஓரம் கருகி, தளிரே சிறுத்துப்போகும்.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் கதை வேறு. இலை முழுக்க ஒரே மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். ஓரம் மஞ்சளாகி நடுவில் பச்சை நின்றால் மக்னீசியம். முதிர்ந்த இலைகளில் ஊதாவும் பழுப்புமாகப் புள்ளிகள் விழுந்தால் இக்சோராவைப் பொறுத்தவரை சாம்பல்சத்துக் குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தொட்டியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் நுனி இலை இதே மாதிரி வெளிறும். உரத்தைக் கையில் எடுப்பதற்கு முன் தொட்டியின் அடி ஓட்டையில் குச்சியை விட்டுப் பாருங்கள். வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய செடியும் இப்படி நோஞ்சானாகத் தெரியும்; கொஞ்சம் வேரைத் தோண்டிப் பார்த்தால் கழலை கழலையாக இருக்கும்.

அப்படியானால் மண்ணில் இரும்பு போட்டால் சரியாகிவிடுமா?

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. அதுவும் செம்மண்ணின் சிவப்பே இரும்பால்தான். பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது, சாவிதான் தொலைந்துவிட்டது என்கிற நிலைமை. கார மண்ணில், அதாவது பிஎச் 7-ஐத் தாண்டிய மண்ணில், இரும்பு கரையாத துருவாக மாறி உட்கார்ந்துவிடுகிறது. பிஎச் ஒரு எண் ஏறும்போது கரையக்கூடிய இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். அந்த மண்ணில் நீங்கள் போடும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சில நாளில் அதே துருவாகிவிடும். கார மண்ணில் துருப்பிடித்த ஆணியைப் புதைக்கிற வைத்தியத்தையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த வடிவத்தில்தான் கொடுப்பது?

அவசரத்துக்கு இலைவழித் தெளிப்பு. அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம், ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஒட்டுவதற்கு இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். மல்லிகைத் தோட்டங்களில் காலம் காலமாகச் செய்கிற வேலைதான் இது. சாயங்காலம், புதுத் தளிர் நனையும்படி, இலைக்கு அடிப்பக்கமும் தெளிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஒரு வாரத்தில் பார்த்தால் மஞ்சள் இலையில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் பொட்டு வைத்த மாதிரி தெரியும். அதைப் பார்த்துவிட்டால் குறை இரும்புதான் என்பது உறுதி.

வாங்கும்போது அன்னபேதி வெளிர்பச்சைக் கற்கண்டு மாதிரி இருக்க வேண்டும். காவி நிறமாகிப் போயிருந்தால் வேண்டாம், அது ஏற்கெனவே துருப்பிடித்த சரக்கு. மொட்டை மாடி டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் கறை லேசில் போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேர்வழி கொடுப்பதென்றால் கிலேட் செய்த இரும்பு, அதாவது துருவாகிவிடாதபடி ஒரு கரிமப் பொருள் பிடித்துவைத்திருக்கும் இரும்பு. அதிலும் எல்லாம் ஒன்றில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது ஈடிடிஏ வகை, மஞ்சள் நிறத் தூள், 12 சதவீதம் இரும்பு. மண்ணின் பிஎச் 6.5 வரைக்கும்தான் அது தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் இரும்பைக் கைவிட்டுவிட்டுச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். கார மண்ணில் வேலை செய்வது ஈடிடிஹெச்ஏ வகை. அதில் இரும்பு 6 சதவீதம்தான், விலையும் அதிகம், ஆனால் பிஎச் 9 ஆனாலும் இரும்பை விடாது. கரைத்தால் தண்ணீர் ஒயின் நிறத்துக்கு மாறும். இரண்டு பெயரும் காதுக்கு ஒன்று போலவே கேட்கும், பாக்கெட்டில் நடுவே ‘ஹெச்’ இருக்கிறதா என்று எழுத்துக் கூட்டிப் படித்து வாங்குங்கள். அளவு பாக்கெட்டில் போட்டபடி. இதை இலையில் தெளிக்க வேண்டாம், மண்ணில் ஊற்றுவதற்கானது.

தெளிப்போ கிலேட்டோ, இரண்டுமே செடியை நிமிர்த்தி உட்கார வைக்கத்தான். மண்ணும் தண்ணீரும் அப்படியே இருந்தால் அடுத்த தளிரில் மஞ்சள் திரும்ப வரும்.

மண்ணின் காரத்தைக் குறைக்கக் கந்தகம் போடலாமா?

போடலாம், மண்ணைப் பொறுத்தது. கந்தகத் தூளை மண்ணில் கலந்தால் அதிலுள்ள சில பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும், சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். இன்று போட்டு நாளை எதிர்பார்க்கிற சமாச்சாரம் இல்லை.

வினிகர் ஊற்றியபோது நுரைக்காத மண் என்றால் வேலை நடக்கும். மணல்பாங்கான மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிராம் கந்தகத்தை மேல்மண்ணில் கலந்து, தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து பிஎச் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மறுபடி போடுங்கள். களிமண்ணுக்கு இதைவிட அதிகம் கேட்கும். ஒரே தடவையில் அள்ளிக் கொட்டினால் வேர் வெந்துவிடும்.

நுரைத்த மண் என்றால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கந்தகம் சுமார் 3 கிலோ சுண்ணாம்பைத்தான் தீர்க்கும். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 270 கிலோ மண் இருக்கும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்றால்கூட 2.7 கிலோ. அதைத் தீர்க்கவே முக்கால் கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும், அதுவரை பிஎச் நகரவே நகராது. சுக்கான் மண்ணில் சுண்ணாம்பு ஒரு பங்கோடு நிற்பதும் இல்லை. எனவே நுரைக்கிற மண்ணில் கந்தகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். தொட்டியோ மேட்டுப் பாத்தியோதான் வழி.

புளித்த மோர், எலுமிச்சைச் சாறு, காபித் தூள் சக்கை?

மோரும் எலுமிச்சையும் புளிப்புதான். ஆனால் அந்த அமிலங்களை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும், பிஎச் பழைய இடத்துக்கே வந்துவிடும். புளித்த மோரும், தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும் வேறு விதத்தில் செடிக்குப் பலன் தருவதாகப் பலர் சொல்கிறார்கள், தாராளமாகக் கொடுங்கள். மண்ணை மாற்றும் என்று மட்டும் கணக்கு வைக்காதீர்கள்.

டிகாஷன் இறக்கிய பிறகு மிஞ்சும் காபிச் சக்கை கிட்டத்தட்ட நடுநிலைக்கு வந்துவிடும், அதன் புளிப்பெல்லாம் டம்ளருக்குப் போய்விட்டது. மக்கவைத்துப் போட்டால் நல்ல உரம். பச்சையாகத் தொட்டியில் தடியாகக் கொட்டினால் காய்ந்து அடை தட்டித் தண்ணீர் இறங்காது. டீத்தூளுக்கும் இதே பதில்.

ஜிப்சம்? படிகாரம்?

ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து. சுண்ணாம்பு மண்ணின் பிஎச்சை அது குறைக்காது. படிகாரம் கொஞ்சம் குறைக்கும், ஆனால் கூடவே அலுமினியமும் சேரும், அதிகமானால் வேருக்கு நஞ்சு. வேண்டாம்.

மண் கலவை சரியாகத்தான் போட்டேன். ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு இப்போது மஞ்சளாகிறதே?

தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர் தண்ணீரில் பைகார்பனேட் கரைந்திருக்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாமல் துளித் துளியாகச் சுண்ணாம்பு ஊற்றுகிறீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதா? தொட்டியின் விளிம்பிலும் அடி ஓட்டையைச் சுற்றியும் உப்புப் பூத்த மாதிரி ஒரு வளையம் இருக்கிறதா? அப்படியானால் பாத்திரத்தில் படிகிற அதே சமாச்சாரம்தான் வேரைச் சுற்றியும் படிந்துகொண்டிருக்கிறது.

இதற்கு இன்னொரு அத்தாட்சி வடகிழக்குப் பருவமழை. கோடையெல்லாம் வெளிறிக் கிடந்த செடி, ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை பெய்ததும் தளிர் பச்சையாக விடும். யாரும் எதுவும் உரம் போட்டிருக்க மாட்டார்கள். மழைநீரில் சுண்ணாம்பு இல்லை, பிஎச் 5.6 வாக்கில் இருக்கும், தேங்கியிருக்கும் உப்பையும் கழுவிக்கொண்டு போகும்.

மழைநீரைப் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான், ஒரு வாளியை வைத்துவிட்டால் இரண்டு மூன்று தொட்டிக்குத் தினமும் போதும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் இந்தச் செடிக்கு ஊற்றாதீர்கள்; வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மென்னீர் இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீரும் வேண்டாம், அதில் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம்.

போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் 10 லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன், அதாவது இரண்டரை முதல் மூன்று கிராம், சிட்ரிக் அமிலம் கலந்து ஊற்றலாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். கலந்த பிறகு பிஎச் தாளில் 6 வாக்கில் வந்தால் போதும், அதற்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். மோருக்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தாதா என்று கேட்கலாம். இங்கே அமிலம் மண்ணை மாற்ற வரவில்லை, வாளியில் இருக்கிற பைகார்பனேட்டை அங்கேயே கொன்றுவிடுகிறது. அந்த வேலை வாளியிலேயே முடிந்துவிடும். பேட்டரி ஆசிட்டை வைத்து இதைச் செய்யலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

தொட்டிக்கு என்ன கலவை?

தேங்காய்நார்க் கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய இலை உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ ஒரு பங்கு, கொஞ்சம் மணல். நார்க்கழிவு லேசான அமிலம், பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்கும். கட்டியாக வாங்கியதை ஊறவைத்து, பிழிந்து, கறுத்த டீ மாதிரி வரும் தண்ணீரை இரண்டு மூன்று தடவையாவது கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். உப்பு அதில்தான் இருக்கும். செம்மண் என்று சொல்லி விற்பதெல்லாம் அமில மண் ஆகிவிடாது, அதற்கும் ஒரு மூடி வினிகர் ஊற்றிப் பாருங்கள். கடற்கரை மணலில் சிப்பித் தூள் இருக்கும், ஆகாது.

12 அங்குலத் தொட்டியில் ஆரம்பிக்கலாம். மண் தொட்டி, பிளாஸ்டிக் எதுவானாலும் சரி. புது சிமெண்ட் தொட்டி மட்டும் கூடாது, மாதக்கணக்கில் சுண்ணாம்பைக் கசியவிடும்.

தரையில்தான் வைக்க வேண்டும். கரிசல் மண். குழி தோண்டிச் செம்மண் நிரப்பினால் போதுமா?

கொஞ்ச காலத்துக்குப் போதும். பிறகு சுற்றியுள்ள மண்ணிலிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் உள்ளே ஊறும். மழைக்காலத்தில் அந்தக் குழி கிணறு மாதிரித் தேங்கி வேரை அழுகவைக்கும் ஆபத்தும் உண்டு. குழிக்குப் பதில் மேடு கட்டுங்கள். தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்குக் கலவையைக் கொட்டி, கருங்கல்லாலோ மரப்பலகையாலோ அணை கொடுத்து, அதில் வையுங்கள். சிமெண்ட் பூசிய செங்கல் வரப்பு வேண்டாம்.

அவ்வளவு பாடு படுவதற்கு அரளியோ காகிதப்பூவோ வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதும் ஒரு வழி. இரண்டும் கார மண்ணைக் கண்டுகொள்ளாது.

மதில் ஓரம் வரிசையாக வேலி மாதிரி வைக்கலாமா?

மதிலிலிருந்து இரண்டடியாவது தள்ளி வையுங்கள். பூச்சு வேலையில் சிந்திய சிமெண்ட், வெள்ளையடித்த சுண்ணாம்பு, அஸ்திவாரத்து ஜல்லி எல்லாம் மதிலடியில்தான் கிடக்கும். ஒரே வரிசையில் சுவர்ப்பக்கம் இருக்கிற செடிகள் மட்டும் மஞ்சளாக இருந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதே இல்லை.

எவ்வளவு வெயில்?

ஐந்தாறு மணி நேர நேர் வெயில். நிழலிலும் சாகாது, இலையாக நிற்கும், பூக்காது. சித்திரை, வைகாசி மொட்டை மாடி வெயிலில் தொட்டிச் செடிக்கு மட்டும் மத்தியானம் கொஞ்சம் நிழல் காட்டுங்கள்.

உரம் என்ன போடலாம், என்ன போடக் கூடாது?

போடக் கூடாததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதெல்லாம் அடுப்படியிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து போடுவது. முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், வெற்றிலைச் சுண்ணாம்பு மிச்சம், எலும்புத் தூள். ரோஜாவுக்கு நல்லது என்று கேள்விப்பட்டதையெல்லாம் இதற்கும் கொண்டுவராதீர்கள். முதல் மூன்றும் மண்ணைக் காரமாக்கும். எலும்புத் தூளில் சுண்ணாம்போடு மணிச்சத்தும் அதிகம், அது மிஞ்சினால் இரும்பை இன்னும் கட்டிப்போடும். மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை அடிக்கடி போடுவதிலும் இந்தச் சிக்கல் உண்டு.

போடக்கூடியதில் எனக்குப் பிடித்தது அம்மோனியம் சல்பேட். தழைச்சத்தும் கந்தகமும் சேர்ந்து வருகிறது, அம்மோனியம் மண்ணில் மாறும்போது புளிப்பையும் விட்டுச் செல்கிறது. 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு டீஸ்பூன், ஈர மண்ணில் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். மண் ஏற்கெனவே அமிலமாக உள்ள கன்னியாகுமரி, கூடலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது தேவையில்லை, தொழுவுரமே போதும். பூக்கும் பருவத்தில் கொஞ்சம் சாம்பல்சத்து, பொட்டாசியம் சல்பேட் வடிவில்.

மேலே இலைதழை மூடாக்கு போடுங்கள். சவுக்குச் சருகு, மாஞ்சருகு எதுவானாலும். மண்ணை அமிலமாக்கும் என்று நம்பிப் போட வேண்டாம், அந்த அளவுக்கு மாற்றாது. வேர் குளிர்ச்சியாக இருக்கும், ஈரம் நிற்கும், தண்ணீர் குறைவாக ஊற்றுவீர்கள், அதனால் சுண்ணாம்பும் குறைவாகச் சேரும்.

இலை பச்சையாகத்தான் இருக்கிறது. பூதான் வரவில்லை.

நிழலா என்று பாருங்கள். அது இல்லையென்றால் கத்தரிக்கோலைச் சந்தேகியுங்கள். இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் கொத்து வைக்கும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மாதாமாதம் மேல் மட்டமாகச் சீவிவிட்டால் மொட்டு வைக்கிற நுனியெல்லாம் குப்பைக்குப் போய்விடும். ஒரு பூப்பு முடிந்து கொத்துக் காய்ந்ததும், கொத்துக்குக் கீழே இரண்டு கணு தள்ளி வெட்டுங்கள். அங்கிருந்து இரண்டு கிளை பிரியும், இரண்டிலும் கொத்து வரும்.

குச்சியில் வருமா?

வரும். பென்சிலை விடக் கொஞ்சம் மெல்லிய, பாதி முற்றிய கிளையில் ஒரு சாண் குச்சி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, வேர்விடும் மருந்தில் தொட்டு, நார்க்கழிவும் மணலும் கலந்த பையில் செருகி, மேலே பாலித்தீன் உறை போட்டு நிழலில் வையுங்கள். ஆடி முதல் கார்த்திகை வரை நல்ல காலம். வேர்விட ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும், இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு, கிளையைச் செடியிலேயே வைத்து வேர்விட வைக்கும் விண் பதியம் இன்னும் நிச்சயம்.

இலைமேல் கரி பூசிய மாதிரி கறுப்பு. எறும்பும் ஏறுகிறது.

அந்தக் கறுப்பு செடியின் நோய் இல்லை, மேலே எங்கோ அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. அதன் இனிப்புக் கழிவில் வளர்கிற பூசணம்தான் அந்தக் கரி. எறும்பு வருவதும் அந்த இனிப்புக்குத்தான், பதிலுக்குப் பூச்சிக்குக் காவல் நிற்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து வாரம் ஒரு தடவை, மூன்று வாரம் தெளியுங்கள். எறும்பைத் தடுக்காமல் பூச்சி போகாது.

நர்சரியில் என்னென்ன வகை கிடைக்கும்?

இரண்டு பெரிய பிரிவு. நாட்டு வெட்சியின் இதழ் நுனி கூராக இருக்கும், இலைக்குக் காம்பே இல்லாத மாதிரி தண்டோடு ஒட்டியிருக்கும். சீன இக்சோராவின் இதழ் நுனி வட்டமாக இருக்கும், கொத்தும் அடர்த்தி. குட்டை ரகங்கள் இரண்டடிக்குள் நிற்கும், பாத்தி ஓரத்துக்கு ஏற்றவை. மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு எல்லாம் வருகிறது. வெள்ளைப் பூவில் மணம் வேண்டுமென்றால் தாய்லாந்துப் பக்கத்திலிருந்து வந்த பின்லேசோனியானா இனத்தைக் கேளுங்கள், செடி பெரிதாக வரும். நம் காடுகளில் வெள்ளையாகப் பூக்கும் சுளுந்து மரமும் இதே இக்சோரா பேரினம்தான். அதன் பச்சைக் குச்சியே எரியும் என்பதால் அந்தக் காலத்தில் பந்தத்துக்குப் பயன்பட்டது.

எந்த வகையானாலும் வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், நுனி இலையைப் பாருங்கள். அப்புறம் வேர்ப்பந்து. ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் செடிகளில் வேரைச் சுற்றி ஒட்டுகிற களிமண் உருண்டை இருப்பதுண்டு. அதை அப்படியே நம் கலவைக்குள் வைத்தால் தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும், உள்ளே வேர் காயும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்க மண்ணில் பாதியையாவது பக்குவமாகக் கரைத்துவிட்டு நடுங்கள்.

ஊட்டியில் இருக்கிறோம். இங்கே மண் அமிலம்தான். இட்லிப்பூ வைக்கலாமா?

மண் பொருந்தும், குளிர் பொருந்தாது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் இது முடங்கிவிடும், உறைபனி விழுந்தால் கருகும். தேயிலை செழிக்கிற மண் என்பதால் அதன் நெருங்கிய சொந்தமான பூக்கும் கமேலியாவை வையுங்கள். அசேலியாவும் நன்றாக வரும். இரண்டுமே பசுமை மாறாத, அமில மண் கேட்கும் புதர்கள். நீலகிரியின் உயரமான சோலைக்காட்டு ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான், உள்ளூரில் காட்டுப்பூவரசு என்பது, அசேலியாவின் வகையறா. அதைக் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். கூடலூர், குன்னூருக்குக் கீழே பர்லியார் மாதிரி வெதுவெதுப்பான இடங்களில் இட்லிப்பூவே தாராளமாக வரும்.

காய்க்கிறதே, பழத்தைச் சாப்பிடலாமா?

கறுஞ்சிவப்பாகப் பழுத்த பிறகு சாப்பிடலாம். சதை கொஞ்சம், கொட்டை பெரிசு, லேசான இனிப்பு. அதைவிட, பூவைக் காம்போடு உருவி, நடுவிலுள்ள நூல் போன்ற தண்டை மெதுவாக இழுத்து, அதன் நுனியில் வரும் தேன் துளியை உறிஞ்சுவதைத்தான் பிள்ளைகள் விரும்புவார்கள். பூச்சிமருந்து அடித்த செடியில் மட்டும் இரண்டுக்கும் தடை போடுங்கள்.